கடல் அமிலமாகிறது, உள்ளே வாழும் உயிர்கள் சமாளிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் அமிலமாதல் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று, சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் கரைந்துபோகும் என்பது. மற்றது, உயிர்கள் எப்படியும் பழகிக்கொள்ளும், கோடிக்கணக்கான வருஷமாக அப்படித்தானே நடக்கிறது என்பது. இந்த இரண்டாவது பதில்தான் என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பழகிக்கொள்கின்றன, சரி. எதைக் கொடுத்துப் பழகிக்கொள்கின்றன? அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். கீழே உள்ள பதில்கள் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

கடல் நிஜமாகவே அமிலமாகிவிட்டதா?

இல்லை, கடல்நீர் இன்னும் காரத்தன்மை உள்ளதுதான். தொழிற்புரட்சிக்கு முன் மேல்மட்டக் கடல்நீரின் சராசரி பிஎச் (நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. ஏழுக்குக் கீழே போனால்தான் அமிலம், திறந்த கடல் அங்கே போகப்போவதில்லை. ஆனால் பிஎச் அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகிறது என்று அர்த்தம், அதனால் 0.1 என்று அற்பமாகத் தெரிகிற இந்த இறக்கத்திலேயே ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கில் 280 பங்கு) இருந்து 420-ஐத் தாண்டிவிட்டது, நாம் வெளிவிடுவதில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. இப்படியே எரித்துக்கொண்டு போனால் இந்த நூற்றாண்டின் கடைசியில் பிஎச் 7.7 வாக்கில் வந்து நிற்கலாம்.

அதற்கும் சிப்பியின் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஓடு என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அதைக் கட்ட நீரில் கார்பனேட் அயனி தாராளமாக இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்ததும் கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனியை விடுகிறது, அந்த ஹைட்ரஜன் போய்க் கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஆக ஓடு கட்டுகிற உயிருக்கு இரண்டு பக்கமும் இடி: கட்டுமானப் பொருள் குறைகிறது, ஓடு கட்டும்போது உள்ளே உண்டாகிற ஹைட்ரஜனை வெளியே தள்ளுவதும் கஷ்டமாகிறது. சுண்ணாம்பிலும் இரண்டு வகை உண்டு. அராகனைட் சீக்கிரம் கரையும், கால்சைட் கொஞ்சம் தாங்கும். பவளமும், கடல் பட்டாம்பூச்சி என்று சொல்கிற மிதக்கும் குட்டி நத்தைகளும் அராகனைட்டில் கட்டுபவை.

"பழகிக்கொள்வது" என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்று, ஒரு தனி உயிர் தன் வாழ்நாளுக்குள் உடம்பைச் சரிசெய்துகொண்டு தாக்குப்பிடிப்பது. அதற்குச் சக்தி செலவாகும். இரண்டாவது, தலைமுறை தலைமுறையாக நடக்கிற தேர்வு: தாங்காதவை சாகின்றன, தாங்குபவை பெருகுகின்றன, கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அந்த இனமே தாங்கும் இனமாகத் தெரியும். அதற்கு ஆகும் செலவு உயிர்கள். எந்த ஆய்வைப் படித்தாலும் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று முதலில் பாருங்கள், தலைப்பை நம்பாதீர்கள்.

உடம்புக்குள் என்னதான் செய்து சமாளிக்கின்றன?

மீனுக்கு இது ஓரளவு சுலபம். செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் ஹைட்ரஜனை வெளியே தள்ளி, ரத்தத்தில் பைகார்பனேட்டைச் சேர்த்து, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ரத்தத்தின் பிஎச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். பவளம் வேறு மாதிரி. தன் திசுவுக்கும் சுண்ணாம்புக் கூட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் இருக்கிற திரவத்திலிருந்து ஹைட்ரஜனை இறைத்து வெளியேற்றி, அந்த இடத்தின் பிஎச்சை மட்டும் வெளிக்கடலைவிட உயர்த்தி வைத்துக்கொள்கிறது. வெளியே என்ன நடந்தாலும் கட்டுமான இடத்தில் நிலைமை கொஞ்சம் சாதகமாக இருக்கும். ஆனால் வெளியே பிஎச் இறங்க இறங்க அந்த இறைப்பு வேலை கூடிக்கொண்டே போகும்.

இந்தச் செலவை மிகத் தெளிவாகக் காட்டியது ஊதாக் கடல் முள்ளெலியின் (உடம்பெல்லாம் முள் நீட்டிய உருண்டைக் கடல் உயிர்) லார்வாக்களை, அதாவது இளங்குஞ்சுகளை, வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. அமிலம் கூடிய நீரில் வளர்ந்த லார்வாக்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன, அளவிலும் வளர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உள்ளே கணக்குப் பார்த்தால், புரதம் செய்வதற்கும் அயனிகளைக் கடத்துவதற்கும் மட்டும் மொத்தச் சக்தியில் வழக்கமாகச் சுமார் 55 சதவீதம் போவது, இங்கே சுமார் 84 சதவீதமாகியிருந்தது. சம்பளம் அதே, வீட்டு வாடகை மட்டும் ஏறிவிட்ட குடும்பம் மாதிரி: வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஒரு காய்ச்சல் வந்தால் மருந்துக்குக் காசிருக்காது. நீர் சூடாகும்போதோ சாப்பாடு குறையும்போதோ இந்த லார்வாவுக்குக் கையிருப்பு எதுவும் இல்லை. "பாதிப்பு ஏதும் காணப்படவில்லை" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 84 சதவீதம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்படியானால் நல்ல சாப்பாடு கிடைத்தால் தப்பித்துவிடுமா?

ஓரளவுக்கு ஆம், இது முக்கியமான விஷயம். ஜெர்மனியில் பால்டிக் கடலோரம் கீல் குடா இருக்கிறது. கோடையின் பிற்பகுதியில் ஆழத்து நீர் மேலே வரும்போது அங்கே நீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு 2,000-ஐத் தாண்டிவிடும் (காற்றில் 420 என்பதை நினைவில் வையுங்கள்). அந்த நீரில் நீல மட்டிகள், பாறையிலும் கட்டையிலும் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்குமே அவை, அடர்த்தியாக வாழ்கின்றன. காரணம், அந்தக் குடாவில் மிதவை உயிர்கள் ஏராளம், அதாவது சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உணவு நிறைய இருக்கும்போது ஓடு கட்டும் வேலை பெரிதாகக் குறையவில்லை, உணவைக் குறைத்தபோது ஓட்டின் உட்புறம் அரிக்கத் தொடங்கியது. ஆனால் இதே மாதிரி உணவு எல்லாக் கடலிலும் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் கெடுதல்தானா? லாபம் அடைவது எதுவும் இல்லையா?

உண்டு. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஓடு கட்டும் 18 இனங்களை வெவ்வேறு கார்பன் டை ஆக்சைடு அளவில் வளர்த்துப் பார்த்தார்கள். பத்து இனங்கள் ஓடு கட்டுவதைக் குறைத்தன. ஆனால் நீல நண்டு, சிங்கி இறால் உட்பட ஏழு இனங்களில் கட்டுவது கூடியது. ஓட்டுக் கணவாயையும் மிக அதிகக் கார்பன் டை ஆக்சைடில் வளர்த்திருக்கிறார்கள், அது வழக்கம்போல வளர்ந்ததோடு உள் ஓட்டில் கூடுதல் சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டது. இதைப் பார்த்து நண்டுக்கெல்லாம் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அலாஸ்காவின் சிவப்பு ராஜ நண்டுக் குஞ்சுகளைப் பிஎச் 7.5-இல் வைத்தபோது சுமார் மூன்று மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நண்டுகளுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கிறது.

ஏன் எல்லோரும் குஞ்சுப் பருவத்தையே பேசுகிறார்கள்?

அங்கேதான் சாவு நடக்கிறது. இதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெடார்ட்ஸ் விரிகுடாவில் நடந்ததைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே விஸ்கி கிரீக் என்ற சிப்பி ஹேட்சரி (குஞ்சு பொரிப்பகம்), பசிபிக் சிப்பியின் லார்வாக்களை வளர்த்து மேற்குக் கரை முழுக்கப் பண்ணைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2007, 2008-இல் தொட்டி தொட்டியாக லார்வாக்கள் செத்தன. முதலில் பாக்டீரியா என்று சந்தேகித்தார்கள், நீரைச் சுத்திகரித்தார்கள், சாவு நிற்கவில்லை. கடைசியில் ஹேட்சரிக்காரர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து பார்த்தபோது, காற்று ஒரு திசையில் வீசும் நாட்களில் ஆழத்திலிருந்து மேலேறி வரும் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த குளிர்ந்த நீர்தான் காரணம் என்று தெரிந்தது.

ஏன் குஞ்சுக்கு மட்டும் இவ்வளவு அடி? முட்டை கருவுற்று முதல் இரண்டு நாட்களுக்குள் லார்வா தன் முதல் ஓட்டைக் கட்டி முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அதற்குச் சாப்பிடும் உறுப்பு சரியாக உருவாகியிருக்காது, முட்டைக்குள் தாய் வைத்த கொழுப்புதான் முழுக் கையிருப்பு. ஓடு கட்டும் இடமும் வெளிநீரிலிருந்து சரியாகப் பிரிக்கப்பட்டிருக்காது. நீர் மோசமாக இருந்தால் கட்டுவதற்கே கையிருப்பு தீர்ந்துபோகும், பிறகு நீர் நல்லதாக மாறினாலும் பிரயோஜனம் இல்லை.

இதே கரையின் சொந்தச் சிப்பியான ஒலிம்பியா சிப்பியைப் பாருங்கள். அது லார்வாக்களைத் தன் ஓட்டுக்குள்ளேயே வைத்து அடைகாக்கிறது, லார்வாவும் முதல் ஓட்டை நிதானமாகக் கட்டுகிறது. பரிசோதனையில் அது பசிபிக் சிப்பியைவிட நன்றாகத் தாங்கியது. ஆழத்து நீர் மேலேறி வருவது அந்தக் கரைக்குப் புதிதில்லை. பசிபிக் சிப்பி ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்டது, அது வேறு நீரில் உருவான வாழ்க்கை முறை.

ஹேட்சரி என்ன ஆனது?

தப்பித்தது. நீரின் வேதியியலைத் தொடர்ந்து அளக்கும் கருவிகளை வைத்தார்கள். நீர் மோசமான நாட்களில் சோடியம் கார்பனேட் (நம் ஊர் சலவை சோடாதான்) சேர்த்து நீரைச் சரிசெய்தார்கள். காலையைவிடப் பிற்பகலில் தொட்டியை நிரப்புவது நல்லது என்றும் தெரிந்தது, ஏனென்றால் பகல் முழுக்க விரிகுடாவின் கடற்புல்லும் பாசியும் ஒளிச்சேர்க்கை செய்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துவிடும். தொட்டிக்குள் இது வேலை செய்கிறது. வெளியே கடலில் இருக்கும் லார்வாவுக்கு யார் சோடா போடுவது?

பெற்றோர் பழகிவிட்டால் குஞ்சுக்கும் அது போய்ச் சேருமா?

சில இனங்களில் சேருகிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பாறைச் சிப்பியில், தாய் தந்தையரை இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் சில வாரங்கள் அமிலம் கூடிய நீரில் வைத்தார்கள். அவற்றுக்குப் பிறந்த லார்வாக்கள் அதே நீரில், பழகாத பெற்றோரின் லார்வாக்களைவிடப் பெரிதாகவும் வேகமாகவும் வளர்ந்தன. கோமாளி மீன் வகை ஒன்றிலும் இப்படித்தான்: பழகாத பெற்றோரின் குஞ்சுகளுக்கு வளர்ச்சி குன்றியது, பழகிய பெற்றோரின் குஞ்சுகளுக்குக் குன்றவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் சில்வர்சைடு என்ற சிறு மீனில் இது இயற்கையிலேயே நடக்கிறது. இனப்பெருக்கக் காலத்தின் தொடக்கத்தில் பிறக்கும் குஞ்சுகள் கார்பன் டை ஆக்சைடால் அடிபடும், கடைசியில் பிறப்பவை தாங்கும். கோடை நெருங்க நெருங்கக் கரையோர நீரின் பிஎச் தானாகவே இறங்குகிறது, பெற்றோர் அந்த நீரில் இருந்துவிட்டு வருகின்றன.

பரிணாமம் நடக்க நேரம் இருக்கிறதா?

இனத்தைப் பொறுத்தது. புதிதாக மரபணு மாற்றம் தோன்றிக் காப்பாற்றும் என்று காத்திருக்கத் தேவையில்லாத இனங்கள் உண்டு. அவற்றின் கூட்டத்துக்குள்ளேயே பலவிதமான மரபணுக்கள் ஏற்கெனவே கலந்து கிடக்கும். ஊதாக் கடல் முள்ளெலி அப்படித்தான். ஓரிகனிலிருந்து கலிபோர்னியா வரை பல இடங்களிலிருந்து எடுத்தவற்றின் லார்வாக்களை அமில நீரில் வளர்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. உருவத்தில் பெரிய மாற்றம் இல்லை, மரபணுக்களைப் பார்த்தால் சில நாட்களுக்குள் ஓடு கட்டுதல், கொழுப்பைப் பயன்படுத்துதல், அயனிச் சமநிலை சம்பந்தப்பட்ட பல இடங்களில் விகிதம் மாறியிருந்தது. அந்தக் கரை காலங்காலமாக ஏறி இறங்கும் பிஎச்சைப் பார்த்தது, அதனால் தாங்கும் மரபணுக்கள் கையிருப்பில் இருந்தன.

கீல் குடாவின் மட்டிகளையும் வடகடலின் சில்ட் தீவு மட்டிகளையும் ஒப்பிட்டபோதும் கீல் மட்டிகளின் லார்வாக்களே நன்றாகத் தாங்கின. ஒரு இனத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வித்தியாசம் வந்துவிட்டது. ஆனால் நிலையான நீரில் வாழ்ந்து பழகியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, பல வருஷம் கழித்தே இனப்பெருக்கம் செய்பவை, இவற்றுக்கு அந்தக் கையிருப்பும் இல்லை, நேரமும் இல்லை.

எதிர்காலக் கடலை இப்போதே பார்க்க முடியுமா?

முடியும், எரிமலைப் பகுதிகளில். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் இஸ்கியா தீவில் பழைய கோட்டை ஒன்றின் அடியில் கடற்படுகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச தூரத்துக்குள் பிஎச் 8.2-இலிருந்து 7.4 வரை இறங்குகிறது. குமிழ் கூடக்கூடப் பவளமும் முள்ளெலியும் சுண்ணாம்புப் பாசியும் மறைந்துபோகின்றன, கடற்புல் மட்டும் செழிக்கிறது. அங்கே வாழும் பிளாட்டினெரிஸ் என்ற சிறு புழு பக்கத்து நீரில் உள்ள உறவினர்களிலிருந்து மரபணு ரீதியாகவே பிரிந்துபோய்விட்டது. அது பரிணாமம். அதே இடத்தில் இன்னொரு புழு மரபணுவில் மாறாமல் உடம்பளவில் சமாளிக்கிறது. சிசிலிக்கு வடக்கே வல்கானோ தீவில் உள்ள நத்தைகள் தலைமுறைகளாகக் குட்டையாகிவிட்டன, உடம்பு சிறுத்தால் மொத்தச் செலவும் குறையும்.

பாப்புவா நியூ கினியின் குமிழ்ப் பாறைகளில் நீந்திப் பார்த்தால் பவளம் நிறையவே இருப்பதாகத் தோன்றும். ஆனால் அவை பெரும்பாலும் உருண்டைப் பாறை மாதிரி வளரும் போரைட்டிஸ். கிளை கிளையாக விரியும் பவளங்கள் குறைந்துவிட்டன, அவற்றின் இடுக்குகளில் ஒளிந்து வாழ்ந்த சின்ன உயிர்களும் கூடவே குறைந்தன. பிஎச் 7.7-க்குக் கீழே பவளத்திட்டே உருவாகவில்லை. பலாவு தீவுகளின் குடாக்களில் இயற்கையாகவே பிஎச் குறைவு, அங்கே பலவகைப் பவளங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் பவளத்தைத் துளைத்து அரிக்கும் உயிர்களின் வேலை பல மடங்கு அதிகம்.

இதில் உச்சம் பசிபிக்கின் மரியானா பகுதியில் உள்ள ஐஃபுக்கு கடலடி எரிமலை. அங்கே பிஎச் 5.36 வரை இறங்கிய நீரில்கூட ஆழ்கடல் மட்டிகள் வாழ்கின்றன! ஓட்டின் மேல் உள்ள தோல் போன்ற உறை கிழியாதவரை அது காப்பாற்றுகிறது. ஆனால் ஓட்டின் தடிமன் நல்ல நீரில் வாழும் மட்டிகளுடையதில் சுமார் பாதிதான்.

ஓடு அரித்துவிட்டால் உடனே செத்துவிடுமா?

அவசியமில்லை. தென்முனைக் கடலிலும் கலிபோர்னியக் கரையிலும் கடல் பட்டாம்பூச்சிகளின் ஓடுகள் உயிரோடு இருக்கும்போதே அரித்துப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதே உயிர்கள் ஓட்டின் உட்புறத்திலிருந்து புதுச் சுண்ணாம்பைப் பூசித் தடித்துக்கொள்வதும் தெரியவந்திருக்கிறது. அதற்கும் சக்தி வேண்டும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

இன்னும் ஆச்சரியமானது 2007-இல் வெளியான ஒரு பரிசோதனை. மத்தியதரைக்கடலின் இரண்டு பவள இனங்களைப் பிஎச் 7.3 முதல் 7.6 வரையுள்ள நீரில் வைத்தார்கள். கூடு முழுக்கக் கரைந்துபோனது. பவள உயிர்கள் சாகவில்லை. கூடில்லாமல் வெறும் சதையாக, கடல் சாமந்தி போல, ஒரு வருஷம் வாழ்ந்தன. பிறகு சாதாரண நீருக்கு மாற்றியதும் மறுபடி கூடு கட்டின. ஆனால் அந்த நிலையில் பவளத்திட்டு என்று ஒன்று இருக்காது, அதை நம்பி வாழும் மீன்களுக்கு அது வீடில்லை.

அமில நீரில் மீன்களுக்குப் புத்தி குழம்பி எதிரியிடமே போகும் என்கிறார்களே?

அப்படித்தான் 2009-இலிருந்து பல ஆய்வுகள் சொல்லின, செய்திகளிலும் நிறைய வந்தது. 2020-இல் வேறு ஒரு குழு ஆறு பவளத்திட்டு மீன் இனங்களை வைத்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது அந்தப் பெரிய விளைவுகள் வரவில்லை. எனவே இதை உறுதியான உண்மையாகப் பரப்பாதீர்கள். மீன்களுக்கு ஆபத்தே இல்லை என்பதும் சரியில்லை: காட் மீனின் லார்வாக்கள் நூற்றாண்டு இறுதிக்கான அளவில் தினசரி இரண்டு மடங்கு வேகத்தில் செத்தன. செவுள் முழுதாக உருவாவதற்கு முன் அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

டைனோசர் காலத்தில் கார்பன் டை ஆக்சைடு இன்னும் அதிகம், அப்போதும் ஓட்டு உயிர்கள் இருந்தனவே?

நல்ல கேள்வி. பதில் வேகத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கான வருஷத்தில் மெதுவாகக் கூடினால், நிலத்துப் பாறைகள் கரைந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வரும் காரப்பொருள் அதைச் சமன் செய்துவிடும், கார்பனேட் குறையாது. வேகமாகக் கூடினால் அந்த ஈடு வந்து சேர நேரமில்லை. 5.6 கோடி வருஷத்துக்கு முன் சில ஆயிரம் வருஷத்தில் ஏராளமான கார்பன் வெளியானபோது ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற ஓட்டுள்ள நுண்ணுயிர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இனங்கள் அழிந்தன, கடல் தேற ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது நாம் வெளிவிடும் வேகம் அதைவிட அதிகம்.

மன்னார் வளைகுடாவில் என்ன நிலை?

அங்கே இப்போதைக்குப் பெரிய அடி வெப்பம்தான், 2016-இல் பவளங்கள் வெளுத்துச் செத்ததை அந்தக் கரையில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே புகையிலிருந்து வருபவை, வெப்பத்தில் சோர்ந்த உயிருக்கு அமிலத்தைச் சமாளிக்கச் சக்தி மிஞ்சாது. தூத்துக்குடி முத்துக்குளிப்புக்குப் பேர்போன அதே முத்துச்சிப்பி இனத்தை ஆஸ்திரேலியாவில் பிஎச் 7.8, 7.6 நீரில் நான்கு வாரம் வைத்துப் பார்த்தபோது ஓட்டின் வலு சுமார் கால் பங்கு குறைந்தது. மெலிந்த ஓட்டை நண்டு எளிதாக உடைக்கும்.

சரி, எதையாவது செய்ய முடியுமா?

மூல காரணம் கார்பன் டை ஆக்சைடு, அதைக் குறைக்காமல் எதுவும் நிற்காது. அதற்கு நடுவே கரையோரத்தில் செய்யக்கூடியவை உண்டு. சாக்கடையும் உரமும் கடலில் கலந்தால் பாசி பெருகி, செத்து, அழுகி, அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அந்த இடத்தின் பிஎச்சை இன்னும் இறக்கும், எனவே கழிவை நிறுத்தினாலே அந்தக் கரைக்கு ஒரு சுமை குறையும். கடற்புல் படுகைகளை இழுவலை கிழிக்காமல் காப்பது பகல் நேரத்திலாவது அங்குள்ள குஞ்சுகளுக்கு உதவும். சிப்பி வளர்ப்பவர்கள் தாங்கும் வம்சங்களைத் தேர்ந்து பெருக்கலாம். ஆஸ்திரேலியாவில் நோய் எதிர்ப்புக்காகத் தேர்ந்தெடுத்த சிட்னி பாறைச் சிப்பி வம்சங்கள் அமிலத்தையும் இயற்கையில் வளரும் சிப்பிகளைவிட நன்றாகத் தாங்கின, அது வேறு எதற்கோ செய்த வேலையில் கிடைத்த லாபம். ஒரே இனம் வெவ்வேறு விதமான நீரில் பரவி வாழ்கிறதென்றால் அந்த எல்லா இடங்களையும் காப்பாற்ற வேண்டும், குறிப்பாகப் பிஎச் ஏற்கெனவே ஏறி இறங்கும் கழிமுகங்களையும் குடாக்களையும். "அழுக்குத் தண்ணீர்தானே" என்று முதலில் மண் போட்டு மூடுவது அவற்றைத்தான், தாங்கும் மரபணுக்கள் அதிகம் கிடைக்க வாய்ப்புள்ளதும் அங்கேதான்.